மீன் எண்ணெய்க் குளிசை தொடர்பான கோவை

எங்கள் நிலையத்தில் அந்தப் பலகையை முழுதாக வாசித்த ஒரே நோயாளி சல்லிக் கிராமத்துக் கதிரவேல்தான். அவர் விட்ட பிழையும் அதுதான். மற்றவர்கள் அதன் கீழே நிழல் விழுகிறது என்பதற்காக மட்டுமே அங்கே நின்றார்கள்.

துறைமுக வட்டார இருதயப் பராமரிப்பு நிலையம் என்பது எங்கள் முழுப்பெயர். நான் அங்கே முகாமைத்துவ உதவியாளர், அதாவது கிளாக்கர். கூட்ட அறிக்கை எழுதுவதும் கடிதம் தயாரிப்பதும் என் வேலை. பன்னிரண்டு வருடமாக இதைச் செய்வதால், "மேற்படி", "இத்தால்" என்று தொடங்காமல் சீனி வாங்கிவரச் சொல்லவும் எனக்கு வராது என்று என் மனைவி ஏசுவாள். அவள் சொல்வது பொய்யில்லை.

பலகை ஆறடி உயரம், மூன்று மொழி. வெளிநாட்டு உதவியில் வந்தது. திறப்பு விழாவுக்கு விளக்கேற்றி, நாடா வெட்டி, மூன்று மணித்தியாலம் பேசினார்கள். அன்று கிளினிக் நடக்கவில்லை. வெயிலில் வந்திருந்த நோயாளிகளுக்கு ஆளுக்கொரு தொப்பி கொடுத்து அனுப்பினோம். பலகையில் இப்படி எழுதியிருந்தது: "வைத்தியர் தரும் மருந்துடன் சத்துக் குளிசை, மூலிகை, எண்ணெய் முதலிய வேறு எதையாவது உட்கொள்கிறீர்களா? தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். உங்கள் உயிர் எங்களுக்குப் பெறுமதியானது."

யாரிடம் சொல்வது, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று அதில் இல்லை. அப்படி ஒருவர் சொல்ல வருவார் என்று எங்களில் எவரும் எதிர்பார்க்கவுமில்லை.

கதிரவேலுக்கு அறுபத்தொரு வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நான்கு வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் இருதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து இரத்தத்தை இளக்கி வைக்கும் குளிசை, நாளுக்கு ஒன்று, உயிருள்ளவரை. இரத்தம் கட்டினாலும் ஆபத்து, அளவுக்கு மேல் இளகினாலும் ஆபத்து என்பதால் மாதமொருமுறை எங்களிடம் வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். அவரைப்போல் சொல் கேட்கும் நோயாளியை நான் பார்த்ததில்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள், போட்டை விற்றுவிட்டார். கீரை அந்தக் குளிசையின் வேகத்தைக் குறைக்கும், அதை மாற்றமில்லாமல் ஒரே அளவில் சாப்பிட வேண்டும் என்றார்கள், அவர் மனைவி இலட்சுமி அக்கா கீரையைச் சிரட்டையால் அளந்து சமைத்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட கிளினிக் கொப்பியில் நான்கு வருடத்தில் ஒரு திகதிகூடத் தவறவில்லை. புயல் எச்சரிக்கை விட்ட நாளிலும் வந்து, பூட்டிய கதவின் முன்னால் பின்னேரம்வரை நின்றுவிட்டுப் போனார்.

அவருடைய மகள் சிவரூபி கனடாவில் இருக்கிறாள். அவள்தான் அந்தப் போத்தலை அனுப்பினாள். மீன் எண்ணெயும் உள்ளிப் பூண்டுச் சாறும் சேர்ந்த குளிசை, இருதயத்துக்கு நல்லதாம், அங்கே எல்லோரும் எடுக்கிறார்களாம். வாழ்நாள் முழுக்க மீன் பிடித்து ஊருக்குக் கொடுத்த மனிதருக்கு, எந்தக் கடலிலோ பிடித்த மீனின் எண்ணெய் விமானத்தில் வந்து இறங்கியது. காலையில் இரண்டு, இரவில் இரண்டு. மகள் ஒவ்வொரு நாள் காலையும் வட்ஸ்அப் வீடியோவில் வருவாள். அவர் குளிசையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். அவளுக்கு அப்போதுதான் நித்திரை வரும். பிள்ளை பாசத்தில் அனுப்பியது, அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மூன்றாம் மாதம் பல் தீட்டும்போது துப்பியதில் இரத்தம் வந்தது. பிறகு ஒருநாள் மீன் வெட்டும்போது விரலில் கத்தி பட்டது. சின்னக் கீறல். காலை எட்டு மணிக்கு வெட்டியது, மத்தியானச் சோறு ஆறும்வரை இரத்தம் நிற்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் அவர் பலகையை வாசித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, பலகையிலை சொல்லச் சொல்லிப் போட்டிருக்கு. சொல்ல வந்தனான்."

"என்னத்தை அண்ணை?"

"மகள் அனுப்பின குளிசை ஒண்டு எடுக்கிறன். இதையும் அதையும் சேத்து எடுக்கலாமோ எண்டு ஆரும் சொன்னால் காணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஓம் அல்லது வேண்டாம், ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் நிலையம் ஐந்து மாதமும் நான்கு விரல் தடிப்பான ஒரு கடதாசிக் கோவையும் செலவழித்தது.

பலகை வந்திருந்ததே தவிர அதற்கான சுற்றுநிருபம் எனக்கு வந்திருக்கவில்லை. ஆகவே டொக்டரிடம் அனுப்பினேன். டொக்டர் கெட்ட மனிதர் இல்லை. அன்று அவருக்கு நூற்று முப்பது பேர். ஒருவருக்கு இரண்டு மூச்சு விடும் நேரம். போத்தலைக் கண்டதும் கையைப் பின்னுக்கு எடுத்தார்.

"இது கொப்பியிலை இருக்கோ?"

"இல்லை ஐயா."

"கொப்பியிலை இல்லாததை நான் எப்பிடி வெட்டுறது? வெட்டுறதெண்டால் முதல் எழுத வேணும். எழுதினால் நான் தந்த மருந்தாய் வரும். நான் தராததைத் தந்ததெண்டு எழுதி, பேந்து வெட்டினால், கணக்காய்வுக்காரர் என்னைத்தானே கேப்பினம்."

"அப்ப எடுக்கவோ விடவோ ஐயா?"

"இரத்தம் இந்தமுறை கொஞ்சம் கூடுதலாய் இளகியிருக்கு. கீரையைக் குறைச்சுப்போட்டியள் போல. அடுத்த ஆள்."

அன்றிலிருந்து இலட்சுமி அக்கா கீரையில் அரைச் சிரட்டை கூட்டினாள்.

மருந்து கொடுக்கும் யன்னலில் அப்போது பஸ்மியா இருந்தாள். கிண்ணியா ஊர்ப் பிள்ளை, மருந்தாளர் படிப்பை ஒழுங்காகப் படித்தவள். நான் இருப்புப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்ததால் நடந்ததைக் காதால் கேட்டேன். கதிரவேல் எங்கள் மருந்துப் பைகளையும் மகளின் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் போத்தலின் பொடி எழுத்தை வாசித்தாள். திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் எடுத்து வாசித்தாள்.

"ஐயா, நாங்க குடுக்காத மருந்தப் பத்திச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல," என்றாள். பிறகு யன்னலுக்குக் கிட்டக் குனிந்தாள். "என்ட வாப்பா இந்த ரெண்டையும் சேர்த்துக் குடிச்சா நான் அண்டைக்கே இத நிப்பாட்டியிருப்பன். ரெண்டும் ரத்தத்த இளக்கும் ஐயா. பிறகு நிக்காது. டொக்டருக்குத் திரும்பவும் காட்டுங்க."

கதிரவேல் அன்றே நிறுத்தினார். ஒன்பது நாளில் துப்பலில் இரத்தம் நின்றது. வேறொருவராக இருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும், நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் கொப்பி மனிதர். எழுத்தில் இல்லாதது அவருக்கு உண்மையாகப் படாது. அத்துடன் மகள் வீடியோவில் அழுதிருக்கிறாள். "ஆரோ ஒரு பெட்டை சொன்னதெண்டு விடுறியளே அப்பா, நான் உங்களுக்கு நஞ்சே அனுப்புறன்?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த கிழமை அவர் மறுபடியும் என் மேசையின் முன் நின்றார்.

"அந்தப் பிள்ளை சொன்னதை ஒருக்காக் கொப்பியிலை எழுதித் தாங்கோ தம்பி. படம் எடுத்து மகளுக்கு அனுப்ப வேணும். எழுத்திலை கண்டாலெண்டால் நம்புவாள்."

நான் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். பொருள், தொடர்பு, திகதி எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். கோவைக்கு இலக்கமும் கொடுத்தேன். அது நல்ல குறிப்பு என்றுதான் அன்று நினைத்தேன்.

மேலிடம் என்பது திரு. குலசிங்கம், மேலதிகப் பணிப்பாளர், ஒருங்கிணைப்பு. எதை எதனோடு ஒருங்கிணைக்கிறார் என்று கேட்கும் தைரியம் எங்களில் எவருக்கும் இருந்ததில்லை. குறிப்பை வாசித்ததும் அவர் முகம் மலர்ந்தது. பலகை போட்டபின் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று உதவி தந்தவர்கள் கேட்டுக் கடிதம் போட்டிருந்தார்கள். இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

"முதல் இது மருந்தோ, சாப்பாடோ எண்டு தீர்மானிக்க வேணும்," என்றார். "சும்மா பாய்ஞ்சு பதில் சொல்லேலாது."

சாப்பாடாக இருக்குமோ என்று அறிய ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சல்லிக்கு அனுப்பினோம். அவரிடம் இருந்தது கலியாண வீட்டுச் சாப்பாட்டில் வயிற்றாலடித்தால் நிரப்பும் படிவம். குளிசை எந்தக் குசினியில் சமைத்தது, எத்தனை பேர் பந்தியில் இருந்தார்கள், மிச்சம் நாய்க்கு வைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். திரும்பும்போது கிணற்றுக்குக் கட்டு இல்லை என்று கண்டு, இரண்டு கிழமைக்குள் கட்டும்படி அறிவித்தல் கொடுத்துவிட்டு வந்தார். மூலிகையாக இருக்குமோ என்று சுதேச வைத்தியப் பக்கத்தில் கேட்டோம். உள்ளி தங்களுடையது, மீன் தங்களுடையதல்ல, பாதிக்கு மட்டும் பதில் தர முடியாது என்று எழுதினார்கள். அந்தக் கடிதமும் கோவைக்குள் போனது.

இரண்டரை மாதம் கழித்துக் குழு கூடியது. "மருந்தல்லாத உட்கொள்ளல்கள் தொடர்பான ஒருங்கிணைப்புக் குழு", பதினேழு அங்கத்தவர்கள், ஏசி மண்டபம், பற்றிஸ், கட்லட், பட்டர் கேக், பால்தேத்தண்ணி. கதிரவேலையும் இலட்சுமி அக்காவையும் "பயனாளிகள்" என்று அட்டை வைத்த பின்வரிசைக் கதிரைகளில் இருத்தினோம். பஸ்மியாவை அதற்கும் பின்னால், கதவோரம். கதிரவேல் வெள்ளை வேட்டியும் தோய்த்து அழுத்திய சேட்டும் போட்டு, போத்தலை மடியில் வைத்திருந்தார். ஒரு சொல் கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

குலசிங்கம் எழுந்து ஒலிவாங்கியைத் தட்டினார்.

"அந்த வகையிலே, எங்கட மக்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு. டொக்டருக்குச் சொல்லாமல் எதையும் விழுங்கிறது. நான் என்னையே எடுத்துச் சொல்லுறன். பதினைஞ்சு வருசமாய்ப் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறன். அதோடை அவுஸ்திரேலியாவிலை இருந்து மச்சான் அனுப்பிற ஆறு வகையும் எடுக்கிறன். என்ர டொக்டருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஏனெண்டால் அவர் என்ர சிநேகிதன், வீணாய் அவரின்ர மனதைக் குழப்பக் கூடாது. அந்த வகையிலே, இந்த மனப்பாங்கை நாங்கள் கிராம மட்டத்திலை இருந்து மாத்த வேணும்."

கைதட்டினார்கள். அடுத்து எழுந்த அங்கத்தவர், தான் மூச்சு முட்டு வருத்தத்துக்கு எடுப்பது நான்குதான் என்றும், ஆறு எடுக்கும் அளவுக்குத் தனக்கு இன்னும் பதவி உயரவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் எடுப்பதைச் சொன்னார்கள். எந்தக் கடையில் கிடைக்கும், எது வயிற்றைப் பிரட்டும், எதைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். தன் வைத்தியருக்குச் சொன்னதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் அறிக்கையில் "அங்கத்தவர்கள் தமது துறைசார் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர்" என்று எழுதினேன்.

பிறகு போத்தலைப் பார்வைக்கு எடுத்தார்கள். மேசையைச் சுற்றி அது கைமாறிப் போனது. வெளிச்சத்தில் பிடித்தார்கள், மணந்து பார்த்தார்கள். "நல்ல சாமான், மீன் வெடுக்கே இல்லை," என்றார் ஒருவர். குலசிங்கம் இரண்டை எடுத்துத் தேத்தண்ணியோடு விழுங்கினார். நாற்பத்தொரு குளிசையோடு போன போத்தல் இருபத்தேழோடு திரும்பி வந்தது. "மாதிரிகள் பரிசீலிக்கப்பட்டன" என்று எழுதினேன். அந்தப் பதினான்கு எங்கே போனது என்று விளக்கம் கேட்டு, பின்னொரு நாளில் கதிரவேலுக்கே கடிதமும் அனுப்பினோம்.

கடைசியாகப் பஸ்மியாவைக் கூப்பிட்டார்கள்.

"பிள்ளை, நீர் இந்த நோயாளிக்கு ஆலோசனை சொன்னனீரோ?" என்று குலசிங்கம் கேட்டார்.

"ஆலோசனை சொல்லல்ல சேர். என்ட வாப்பாவா இருந்தா எண்டு சொன்ன."

"இவர் உம்மட வாப்பாவோ?"

"இல்ல சேர்."

"அப்ப எந்த அடிப்படையிலை சொன்னனீர்?"

அவள் கதிரவேலின் மடியிலிருந்த போத்தலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நான் சொன்னது பிழையா சேர்?" என்று கேட்டாள்.

அங்கே மூன்று வைத்தியர்கள் இருந்தார்கள். மூவருக்கும் அவள் சொன்னது சரி என்று தெரியும். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் கைபேசியைப் பார்த்தார். மூன்றாமவர், "சரி பிழை இண்டைய நிகழ்ச்சி நிரலிலை இல்லை," என்றார்.

அவளிடம் எழுத்தில் வாபஸ் வாங்க முடிவானது. அதைத் தயாரித்ததும் நான்தான்: "திரு. கதிரவேல் என்பவர் எனது தந்தை அல்லர் என்பதையும், அவர் எனது தந்தையாக இருந்திருப்பின் எனும் எனது கூற்று ஆதாரமற்றது என்பதையும் இத்தால் உறுதிப்படுத்தி, அக்கூற்றை முழுமையாக மீளப்பெறுகிறேன்." பின்னிணைப்பாக அவளுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டோம். அவள் கையெழுத்து வைத்துவிட்டு, "அப்ப அந்த ஐயாக்கு ஆர் சொல்லுற?" என்று என்னிடம் கேட்டாள். அடுத்த மாதம் அவளைப் பழைய கட்டிலும் மெத்தையும் அடுக்கி வைத்த களஞ்சியத்துக்கு மாற்றினார்கள்.

இனி நான் எழுதிய கடிதம். குழுவின் தீர்மானம், இறுதித் தீர்மானம் பின்னர் எடுக்கப்படும் என்பதுதான். அதைக் கடிதமாக்கும்போது என் பன்னிரண்டு வருட அனுபவத்தையும் போட்டேன்: "மேற்படி பதார்த்தம் தொடர்பில் இறுதித் தீர்மானம் எட்டப்படும்வரை, தாங்கள் முதன்முதலில் முறையிட்ட தினத்தன்று நிலவிய நிலையை மாற்றமின்றிப் பேணுதல் வேண்டுமென இத்தால் அறியத்தரப்படுகிறது." குலசிங்கம் வாசித்துவிட்டு, "வடிவான வசனம்," என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

கதிரவேல் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார்.

"முறையிட்ட நாள் எண்டால், நான் பலகை பாத்துட்டு வந்த நாளோ தம்பி?"

"ஓம் அண்ணை."

"அண்டைக்கு நான் எடுத்துக்கொண்டெல்லோ இருந்தனான்."

"ஓம்."

"அந்தப் பிள்ளை சொன்னதையும் வாபஸ் வாங்கீட்டுது என்ன?"

"ஓம் அண்ணை. எழுத்திலை."

"அப்ப திரும்பவும் எடுக்க வேணும்."

நான் கடிதத்தைப் பார்த்தேன். எடுக்கச் சொல்லி அதில் இல்லை. எடுக்க வேண்டாம் என்றும் இல்லை. "அதிலை உள்ளபடி செய்யுங்கோ," என்றேன். அவர் கடிதத்தை நான்காக மடித்துக் கொப்பிக்குள் வைத்தார். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். அரசாங்கத்து முத்திரை போட்ட கடிதம், அவளும் நம்பியிருப்பாள். அடுத்த பார்சலில் இரண்டு போத்தல் வந்தது.

ஒரு மாதம் போக இலட்சுமி அக்கா தனியாக வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்போடு என் முன்னால் இருந்தாள்.

"விடிய எழும்பினால் தலகணியிலை இரத்தம் தம்பி. மூக்காலை வருது. நான் போத்தலை ஒளிச்சு வைச்சன். அரசாங்கக் கந்தோர்க் கடிதத்துக்கு மாறாய் நடக்கிறாய் எண்டு என்னோடை சண்டை. நாங்கள் சொன்னால் கேக்கமாட்டார். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நிப்பாட்டுவார்."

"எனக்கு அதிகாரமில்லை அக்கா. அடுத்த கூட்டம் இருபத்தெட்டாந் திகதி. அதிலை கட்டாயம் எடுப்பம்."

"அதிகாரம் கேட்டு நான் வரேல்லை. ஒரு சொல்லுத்தான்."

நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு, கடிதத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். திருத்தினால் முதல் கடிதம் பிழை என்று ஆகும். முதல் கடிதத்தின் கீழே என் சுருக்கொப்பம் இருக்கிறது. பதவி உயர்வு நேர்முகம் அந்த மாதம்தான். கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். இதை நியாயப்படுத்த எனக்கு ஒரு வசனமும் கிடைக்கவில்லை. வசனம் கிடைக்காமல் நான் இருந்தது அந்த ஒருமுறைதான்.

இருபத்தெட்டாந் திகதிக் கூட்டம் நடக்கவில்லை. பலகையைப் பற்றி விளக்குவதற்காகக் குலசிங்கம் வெளிநாட்டுச் செயலமர்வுக்குப் போயிருந்தார். அதற்கடுத்த திகதியில் மண்டபத்தை யோகாசன தினத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை கதிரவேல் மகளோடு வீடியோவில் இருந்தார். குளிசையை விழுங்கி, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினார். நாக்கு ஒரு பக்கமாகப் போனது. பிறகு வாயும். அவர் கதிரையோடு சரிந்தபோது கைபேசி நிலத்தில் விழுந்து, அதற்குள்ளிருந்து மகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். இலட்சுமி அக்கா எனக்கு இதைச் சொன்னபோது அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் வேறு என்ன எடுத்தார் என்று கேட்ட உடனே இலட்சுமி அக்கா போத்தலையும் எங்கள் கடிதத்தையும் நீட்டினாள். அங்கிருந்த டொக்டர் போத்தலை வாசித்தார், கடிதத்தையும் வாசித்தார், இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். உயிர் தப்பியது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன.

அதற்குள் எங்களுக்கும் சுற்றுநிருபம் வந்து சேர்ந்தது, படிவத்தோடு. ஒவ்வொரு நோயாளியையும் முன்னால் இருத்தி, மருந்தோடு வேறு எதையாவது எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். இந்த விடயத்தில் அனுபவம் உள்ளவன் என்று என்னை அந்த மேசையில் போட்டார்கள். முதல் மாதம் நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இல்லை என்றார்கள். கதிரவேலின் கதை சல்லியிலிருந்து தம்பலகாமம் வரைக்கும் போயிருந்தது. ஓம் என்று சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். பைக்குள் போத்தல் கிலுங்கக் கிலுங்க வந்து இருந்து, "ஒண்டுமில்லை மகன், நீங்க தாறதத் தவிர பச்சத் தண்ணிதான்," என்று கிண்ணியா ஆமினா உம்மா என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். குலசிங்கம் அந்தப் பூச்சியத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. எங்கள் மாவட்டத்தில் சத்துக் குளிசைப் பிரச்சினை அடியோடு ஒழிந்துவிட்டதாக அறிக்கை அனுப்பினோம்.

இரண்டாம் மாதம், இலட்சுமி அக்கா கதிரவேலைச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டு வந்தாள். கிளினிக் திகதி தவறக்கூடாது என்று அவர் இடக் கையால் கொப்பியைக் காட்டிக்கொண்டே இருந்தாராம். அதே வெள்ளை வேட்டி, அதே சேட்டு. என்னைக் கண்டதும் இடப்பக்கத்து முகம் சிரித்தது.

படிவத்தின் ஆறாம் இலக்கத்தில் கேள்வி. விடையை நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும், மூன்றாமவர் கூற்று ஏற்கப்படாது. பஸ்மியாவின் விவகாரத்துக்குப் பிறகு சேர்த்த நிபந்தனை அது. ஏழாம் இலக்கத்தில், இடைப்பட்ட காலத்தில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்து ஆறுக்கு "இல்லை" என்று பதில் வந்தால், காரணம் ஏற்கெனவே அச்சடித்திருந்தது: "நோயாளியின் கவனயீனம்."

"அண்ணை," என்றேன். "நாங்கள் தாற மருந்தோடை வேறை ஏதாவது எடுத்தனீங்களோ?"

இந்தக் கேள்வியை எங்கள் நிலையத்தில் அவரிடம் எவரும் கேட்டதில்லை. அவராகத்தான் வந்து வந்து சொன்னார். இப்போது கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய் மெல்லக் குவிந்தது. ஓம் என்று சொல்வதற்கு வாய் எப்படிக் குவியுமோ அப்படி. கழுத்து நரம்பு புடைத்தது. காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

"ஓம் எண்டு சொல்லுறார் தம்பி," என்றாள் இலட்சுமி அக்கா.

"அவர்தான் சொல்ல வேணும் அக்கா."

"ஒரு நேரக் குளிசை தவற விட்ட மனிசனில்லை இவர். உங்கட கடிதத்தையும் தவற விடேல்லை. கவனயீனம் எண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ."

"சத்தம் வர வேணும் அக்கா. விதி அப்பிடி."

அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக மரியாதையை விட்டாள். "உனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

வெளியே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். ஆறாம் இலக்கத்தில் "இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டேன். ஏழைத் தொடத் தேவையில்லை, அது அச்சில் இருந்தது. கீழே நோயாளியின் ஒப்பம். அவரால் பேனை பிடிக்க ஏலாது. மைப்பெட்டியைத் திறந்து, அவருடைய இடக்கைப் பெருவிரலை நானே பிடித்து, மையில் தோய்த்து, காட்டிய இடத்தில் அழுத்தினேன். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கையைத் தந்தார். வாய் மட்டும் மூடவில்லை. அந்த ஒரு சொல்லை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.